எடைமேடையில் ஒரு கருந்துளை

2025 ஜனவரி 14, பொங்கல் நாள். மதியம் 1 மணி 52 நிமிடத்துக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சத்தியம் செய்யச் சொன்னால் முடியாது. சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்திருப்பேன். சரியாக அந்த நேரத்தில் காலவெளியின் ஒரு நடுக்கம் என்னையும் பாயையும் அடுப்படிப் பானையையும் கடந்து போயிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் உள்ள, ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் லைகோ கருவிகளுக்குத் தெரிந்தது. தேதியையே பெயராக வைத்து அதற்கு ஜிடபிள்யூ250114 என்றார்கள். சுமார் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒன்றாகிப்போன சேதி அது.

செப்டம்பரில் ஆய்வு முடிவு வந்தபோது ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பெருக்கல் போதும். சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளைக்கு ஆரம் சுமார் 3 கிலோமீட்டர். அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர். நிறை இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். மோதிய இரண்டும் ஆளுக்குச் சுமார் 33 சூரிய நிறை. 33-ஐ 33-ஆல் பெருக்கி 110-ஆல் பெருக்கினால் ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் சேர்ந்து 2,40,000 சதுர கிலோமீட்டர். இரண்டு தமிழ்நாட்டுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதியபின் மிஞ்சிய கருந்துளையின் நிறை 63 அளவில். அது வேகமாகச் சுழல்வதால் பரப்பு கொஞ்சம் சுருங்கும். அப்படியும் 4,00,000 சதுர கிலோமீட்டர் அளவுக்கு வருகிறது. மூன்று தமிழ்நாடு.

நிறை 66-லிருந்து 63-ஆகக் குறைந்திருக்கிறது. பரப்போ கூடியிருக்கிறது. கருந்துளைகளின் மொத்தப் பரப்பு எக்காலத்திலும் குறையாது என்று ஹாக்கிங் 1971-இல் சொன்னதை இந்த அலை 99.999 சதவீத உறுதியோடு காட்டிவிட்டது என்றார்கள். செய்தித்தாள்களுக்கு அதுதான் தலைப்பு.

எனக்கு உறுத்தியது மற்ற எண். காணாமல்போன அந்த 3 சூரியன்கள் அலையாகக் கிளம்பிவிட்டன, சரி. கிளம்புமுன் அவை எங்கே இருந்தன? கருந்துளைக்குள் பருப்பொருளாக எதையும் நாம் எண்ணிப் பார்த்ததில்லை. சுற்றியிருப்பது வெட்டவெளி. அப்படியிருக்க 66 என்ற எண்ணை யார் எங்கே எழுதி வைத்திருந்தார்கள்?

இந்தக் கேள்வியோடு எனக்குப் பழைய பகை உண்டு. 'ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது' என்று நான் படித்த பள்ளியில் நெட்டுருப் போட வைத்தார்கள். ஏன் முடியாது என்று கேட்டதற்கு, 'அதுதான் விதி, எழுதிக்கோ' என்று பதில் வந்தது. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில்தான் அதற்கு ஒரு காரணம் உண்டு என்பதும், அதைக் கண்டவர் பெயர் எம்மி நோதர் என்பதும் தெரிந்தது.

1915-இல் கணித மேதைகள் ஹில்பர்ட்டும் கிளைனும் நோதரை ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அப்போதுதான் சூடாக வந்துகொண்டிருந்தது. அதில் ஆற்றல் மாறா விதி ஏதோ வெற்று முற்றொருமை போல, எதையும் சொல்லாத ஒரு சமன்பாடாகத் தெரிந்தது இருவரையும் குழப்பிக்கொண்டிருந்தது. பெண் என்பதால் நோதருக்கு அங்கே கற்பிக்கும் உரிமை கிடையாது. ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை அவர் எடுத்தார். 1918 ஜூலை 26 அன்று அவருடைய கட்டுரையை கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் படித்தவரும் கிளைன்தான். நோதர் அதில் உறுப்பினர் இல்லை. கற்பிக்கும் உரிமை 1919-இல்தான் வந்தது. 1933-இல் யூதர் என்று அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கட்டுரையில் இரண்டு தேற்றங்கள். முதலாவதை எல்லோரும் சொல்வார்கள்: இயற்கை விதியில் ஒரு சமச்சீர்மை இருந்தால் அதற்கு ஈடாக மாறாத கணியம் ஒன்று இருக்கும். விதி நேற்றும் இன்றும் ஒன்றே என்றால் ஆற்றல் மாறாது. இங்கும் அங்கும் ஒன்றே என்றால் உந்தம் மாறாது. எந்தத் திசையில் திரும்பினாலும் ஒன்றே என்றால் கோண உந்தம் மாறாது. ஏன் என்று நான் கேட்டதற்கு முப்பது விநாடியில் சொல்லியிருக்கக்கூடிய பதில் இது.

இரண்டாம் தேற்றத்தை அதிகம் பேர் சொல்வதில்லை. ஹில்பர்ட்டின் குழப்பத்தைத் தீர்த்தது அதுதான். பொதுச் சார்பியலில் 'காலத்தை நகர்த்துவது' எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கவேண்டியதில்லை. இங்கே கொஞ்சம், அங்கே வேறு அளவு என்று புள்ளிக்குப் புள்ளி இஷ்டம்போல் நகர்த்தலாம், விதி மாறாது. இவ்வளவு தாராளமான சமச்சீர்மை இருந்தால் என்ன ஆகும்? அதற்குரிய கணியத்தை ஒரு பகுதிக்குள் கூட்டினால், உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், அந்தப் பகுதியின் ஓரத்தில் மட்டும் ஏதோ மிஞ்சுகிறது. உள்ளே எழுதிவைக்க ஒன்றுமில்லை. கணக்கு முழுக்க எல்லையில்.

முதலில் படித்தபோது இது ஏமாற்று வேலையாகத் தோன்றியது. ஊருக்குப் போயிருந்தபோதுதான் பிடிபட்டது.

அப்பா மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. ஆலை வாசலில் எடைமேடை. நெல் ஏற்றிய லாரி உள்ளே போகும்போது ஓர் எடை, இறக்கிவிட்டு வெளியே வரும்போது ஓர் எடை. இரண்டு சீட்டையும் கம்பியில் குத்தி வைப்பார். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கிடங்குக்குள் போய் மூட்டைகளை எண்ண ஆரம்பித்தபோது, 'டேய், உள்ளே போய் எண்ணாதே, வாசல் சீட்டைக் கூட்டு' என்று கத்தினார். கிடங்கில் மூட்டைகள் இடம் மாறும், அடுக்கு சரியும், எலி ஓட்டை போடும். அதெல்லாம் வாசல் கணக்குக்கு வேண்டாம். எல்லையைத் தாண்டியது எவ்வளவு என்று தெரிந்தால் உள்ளே இருப்பது எவ்வளவு என்று தெரியும்.

மின்னூட்டத்துக்கு இதைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே காஸ் விதி என்று படித்திருக்கிறோம். மூடிய பரப்பு ஒன்றில் மின்புலத்தைக் கூட்டினால் உள்ளேயிருக்கும் மொத்த மின்னூட்டம் வந்துவிடும். ஈர்ப்பிலும் நாம் அறியாமல் அதைத்தான் செய்துவந்தோம். சூரியனை யாரும் தராசில் வைக்கவில்லை. 15 கோடி கிலோமீட்டர் தள்ளிப் பூமி சுற்றி வர ஓர் ஆண்டு ஆகிறது. அந்த இரண்டு எண்ணிலிருந்து சூரியனின் நிறை கிடைத்துவிடுகிறது. 1959 முதல் 1962 வரை ஆர்னோவிட், டெஸர், மிஸ்னர் மூவரும் இதைப் பொதுச் சார்பியலுக்கு முறையாக எழுதினார்கள். வெகு தூரத்தில் காலவெளி தட்டையாகிவிடும். அங்கே 'காலத்தை நகர்த்துவது' என்பதற்குத் தெளிவான ஒரே பொருள் உண்டு. அந்தத் தொலைதூர எல்லையில் எடுத்த சீட்டுதான் நிறை. நான் தேடிய 66 எழுதப்பட்டிருந்த இடமும் அதுதான். இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்டும்படி அது எந்தப் புள்ளியிலும் இல்லை.

வாசல் கணக்கில் ஒரு வில்லங்கம் உண்டு. உள்ளே போய்ப் பார்க்காததால், கூட்டுத்தொகை எதிர்மறையாக வந்தாலும் தடுக்க ஆளில்லை. ஈர்ப்பின் கட்டாற்றல் எதிர்மறை. இரண்டு கற்களை நெருக்கி வைத்தால் மொத்த நிறை ஒரு துளி குறைகிறது. நெருக்கிக்கொண்டே போனால் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடாதா? இறங்கினால் அடித்தளமே இல்லை. வெற்றுவெளிகூட உருண்டு உருண்டு பாதாளத்துக்குப் போகலாம். இதற்கு ரிச்சர்ட் ஷோனும் ஷிங்-டுங் யாவும் 1979-இல் ஒரு நிரூபணம் தந்தார்கள். சோப்புப் படலம்போல் பரப்பளவை முடிந்தவரை குறைத்துக்கொள்ளும் பரப்புகளை வைத்து நடக்கும் கனமான வடிவகணிதம். நான் பாதியில் இறங்கிவிட்டேன்.

இன்னொரு வழி சூப்பர்கிராவிட்டியிலிருந்து வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

1976-இல் ஸ்டோனி புரூக்கில் ஃப்ரீட்மன், வான் நியூவென்ஹுய்சன் இருவரும் ஃபெராராவும் சேர்ந்து சூப்பர்கிராவிட்டியை உருவாக்கினார்கள். விசையைக் கடத்தும் போசான்களையும் பொருளை ஆக்கும் ஃபெர்மியான்களையும் ஒன்றுக்கொன்று மாற்றும் 'சூப்பர் சமச்சீர்மை'யைப் புள்ளிக்குப் புள்ளி இஷ்டம்போல் செய்ய அனுமதித்தால், ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு தானாக வந்து விழுகிறது. சமச்சீர்மை நிஜமாகவே நிற்கிறதா என்று பார்க்கச் சுமார் 2000 உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாக வேண்டும். கையால் முடியாமல் கணினியில் போட்டுப் பார்த்தார்கள், எல்லாம் பூஜ்யம். டெஸரும் ஸுமினோவும் அதே ஆண்டில் வேறு பாதையில் அதையே எளிதாகக் காட்டிவிட்டார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போவது நியாயமில்லை.

இந்தச் சமச்சீர்மைக்கு ஒரு விசித்திரக் குணம். அந்த மாற்றத்தை இரண்டு முறை செய்தால், பொருள் காலத்தில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. கால நகர்வுக்குரிய மாறாக் கணியம் ஆற்றல் என்று நோதர் சொல்லிவிட்டார். அப்படியானால் சூப்பர் சமச்சீர்மைக்குரிய கணியம், ஆற்றலின் வர்க்கமூலம் மாதிரி. ஆற்றல் ஒரு வர்க்கம் என்றால் அது எப்படி எதிர்மறையாகும்?

டெஸரும் டைடெல்பாயிமும் 1977-இல் இதைத்தான் சொன்னார்கள். 1981-இல் எட்வர்ட் விட்டன் செய்தது இன்னும் அழகு. சூப்பர்கிராவிட்டியின் புதுத் துகள்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பினார் என்ற கணிதப் பொருளை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். அதற்கு ஒரு சமன்பாட்டைத் தீர்த்தால், தொலைதூர எல்லையில் எடுத்த நிறைச் சீட்டு உள்ளேயிருக்கும் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்று வருகிறது. வர்க்கங்களைக் கூட்டினால் எதிர்மறை வராது. ஷோன்-யாவின் மலைப்பாதைக்குப் பக்கத்தில் இது சில பக்கங்களில் முடிந்துவிடும்.

'சூப்பர் சமச்சீர்மைத் துகள் எதுவும் ஜெனீவாவின் பெரிய மோதுவியில் இதுவரை அகப்படவில்லையே, அதெல்லாம் வீண் வேலைதானே' என்று நண்பர்கள் கேட்கும்போது நான் இதைத்தான் காட்டுவேன். துகள் வேண்டாம். நம்முடைய சாதாரண ஐன்ஸ்டைன் ஈர்ப்புக்கு அடித்தளம் உண்டு என்பதற்கு எனக்குப் புரிந்த ஒரே நிரூபணம், அகப்படாத அந்தச் சமச்சீர்மை சொல்லிக்கொடுத்தது. சாரத்தைப் பிரித்தாலும் கட்டிய சுவர் நிற்கிறது.

அடுத்த படி 1982-இல் கிப்பன்ஸும் ஹல்லும் வைத்தது. சூப்பர்கிராவிட்டியில் மின்காந்தத்தையும் சேர்த்தால், வர்க்கம் தரும் விடை பூஜ்யத்தோடு நிற்பதில்லை: நிறை, மின்னூட்டத்தின் அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது (அலகுகளைத் தக்கபடி எடுத்துக்கொண்டால்). இரண்டும் சரிசமமாக நிற்கும் கருந்துளைக்குத்தான் இந்தத் துறையில் ராஜ மரியாதை. அதன் வெப்பநிலை பூஜ்யம். அங்கே வர்க்கம் பூஜ்யமாவதால் சூப்பர் சமச்சீர்மையில் பாதி உடையாமல் மிஞ்சுகிறது. அதே குறியுள்ள இரண்டு கருந்துளைகளைப் பக்கத்தில் வைத்தால், மின்விசை தள்ளுவதும் ஈர்ப்பு இழுப்பதும் சரியாகிப்போய், வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும். இப்படி எத்தனையையும் நிறுத்தலாம் என்பதற்கான தீர்வை 1947-இல் மஜும்தாரும் பாப்பபெட்ருவும் தனித்தனியே எழுதிவிட்டார்கள். சூப்பர்கிராவிட்டி பிறக்க இன்னும் 29 ஆண்டு இருந்தது. ஏன் இவ்வளவு சமர்த்தாக நிற்கின்றன என்ற காரணம்தான் பின்னால் வந்தது. நிஜ வானத்தில் இப்படி ஒன்றைத் தேடாதீர்கள். விண்மீன்களில் கூட்டலும் கழித்தலும் சரியாகக் கலந்திருக்கும். கருந்துளைக்கு அவ்வளவு மின்னூட்டம் யார் கொடுப்பது?

சரி, இனி பரப்புக்கு வருவோம்.

பிரின்ஸ்டனில் ஜான் வீலர் தன் மாணவர் பெக்கன்ஸ்டைனிடம் டீயை வைத்து ஒரு புதிர் போட்டாராம். சூடான டீயையும் ஆறிய டீயையும் கலந்தால் உலகின் என்ட்ரோபி, அதாவது கலைந்துகிடப்பதன் அளவு, கூடுகிறது. அந்தக் குற்றத்தை யாராலும் திருப்ப முடியாது. ஆனால் பக்கத்தில் ஒரு கருந்துளை இருந்தால் கோப்பைகளை அதில் போட்டுத் தடயத்தை மறைத்துவிடலாமே? சில மாதம் கழித்துப் பெக்கன்ஸ்டைன் வந்து, மறையாது என்றார். கருந்துளைக்கே என்ட்ரோபி உண்டு, அதன் பரப்புதான் அது. 1973-இல் பார்டீன், கார்ட்டர், ஹாக்கிங் மூவரும் கருந்துளை இயக்கவியலின் நான்கு விதிகளை எழுதினார்கள். முதல் விதி அச்சு அசல் வெப்ப இயக்கவியல்: நிறை மாறினால் அந்த மாற்றம் மூன்று பங்காகப் பிரியும், பரப்பு மாற்றத்துக்கு ஒன்று, கோண உந்த மாற்றத்துக்கு ஒன்று, மின்னூட்ட மாற்றத்துக்கு ஒன்று. அப்படியும் அவர்கள் இது வெறும் ஒப்புமை, கருந்துளையின் வெப்பநிலை பூஜ்யம்தான் என்று அழுத்திச் சொன்னார்கள். மறுவருடமே ஹாக்கிங் தன் வாயாலேயே அதை மாற்றிச் சொல்லவேண்டிவந்தது, கருந்துளை கதிர்வீசுகிறது. சூரிய நிறைக்கு வெப்பநிலை ஒரு கெல்வினில் 10 கோடியில் 6 பங்குதான். என்ட்ரோபியோ மலைக்க வைக்கும்: 1-க்குப் பின் 77 சுழியம். நம் சூரியனுக்கு 58 சுழியம்தான்.

ஆனால் ஏன் பரப்பு? நிறை தொலைதூர எல்லையில் படிக்கும் எண். பரப்பு கருந்துளையின் விளிம்பில் இருக்கும் எண். இரண்டும் ஒரே சமன்பாட்டில் எப்படிக் கைகோத்தன?

1993-இல் சிகாகோவின் ராபர்ட் வால்டு இதற்குத் தந்த பதிலை நான் முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் போயிற்று. அலட்டலாகச் சொல்லவில்லை, எழுந்துபோய் மொட்டைமாடியில் நின்றேன். கிடங்கைச் சுற்றி ஒரு வாசல்தான் இருப்பதாக அதுவரை நினைத்திருந்தேன். கருந்துளைக்கு வெளியேயுள்ள வெளிக்கு எல்லை இரண்டு. தூரத்தில் ஒன்று, கருந்துளையின் விளிம்பான நிகழ்வெல்லையில் ஒன்று. அமைதியாக நிற்கும் கருந்துளைக்குக் காலச் சமச்சீர்மை உண்டு. சுழன்றால் சுழற்சிச் சமச்சீர்மையைத் தக்க அளவு அதோடு சேர்த்துக்கொள்ளவேண்டும். அந்தச் சமச்சீர்மைக்கு நோதர் சொன்ன வழியில் ஒரு பரப்புக் கணியத்தை எழுதுங்கள். அதைத் தொலைதூர எல்லையில் படித்தால் நிறையும் கோண உந்தமும் வருகின்றன. அதே கணியத்தை நிகழ்வெல்லையில் படித்தால் வெப்பநிலை பெருக்கல் என்ட்ரோபி வருகிறது. நடுவில் ஈர்ப்பு விதி கறாராக நடப்பதால் கசிவு கிடையாது. ஆகவே கருந்துளையைக் கொஞ்சம் அசைத்தால், ஒரு வாசலில் ஏற்படும் மாற்றம் மற்ற வாசலிலும் அப்படியே தெரியவேண்டும். முதல் விதி என்று நாம் கொண்டாடியது, ஒரே லாரிக்கு இரண்டு எடைமேடையில் போட்ட சீட்டு.

அதாவது என்ட்ரோபியே ஒரு நோதர் கணியம். கலைந்துகிடப்பதை அளக்கும் எண் என்று வேதியியல் வகுப்பில் படித்தது, ஒரு சமச்சீர்மைக்குரிய கணக்கு என்கிறார் வால்டு. இன்றைக்கும் இதை நான் முழுதாகச் செரித்துக்கொண்டதாகச் சொல்லமாட்டேன்.

ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31 அன்று, அப்பா நிஜமாகவே கிடங்குக்குள் போவார். இருப்பு எடுக்கும் நாள். மூட்டை மூட்டையாக எண்ணி, வாசல் சீட்டுகளின் கூட்டோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் ஐந்தொகை எழுதுவார். கருந்துளைக்கு அந்த வேலையை 1996-இல் ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் செய்தார்கள். ஐந்து பரிமாணங்களில், நிறையும் மின்னூட்டமும் சரிசமமாக நிற்கும் ஒரு கருந்துளையை எடுத்துக்கொண்டார்கள். துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வாகப் பார்க்கும் இழைக் கோட்பாட்டில் ஈர்ப்பின் வலிமையைக் குறைத்துக்கொண்டே போனால் கருந்துளை கரைந்து, படலங்களின் தொகுப்பாகிவிடும். அது எத்தனை விதமாக அமையலாம் என்று எண்ணினால் என்ட்ரோபி கிடைக்கும். சாதாரணமாக இப்படித் திருகினால் எண்ணிக்கையும் மாறிப்போகும். மிஞ்சிய பாதிச் சமச்சீர்மைதான் அதை மாறாமல் காக்கிறது. எண்ணினார்கள். என்ட்ரோபி என்பது பரப்பில் நாலில் ஒரு பங்கு (தக்க அலகில்) என்ற ஹாக்கிங்கின் விடை, அந்த நாலு உட்பட, அப்படியே வந்தது.

பிறகு கொஞ்சம் உதைத்தது. அடுத்த ஆண்டு மால்டசேனா, ஸ்ட்ராமிஞ்சர், விட்டன் மூவரும் நான்கு பரிமாணக் கருந்துளை ஒன்றுக்கு இன்னும் நுணுக்கமாக எண்ணியபோது, விடையில் சிறு திருத்தம் ஒன்று சேர்ந்து வந்தது. சூப்பர்கிராவிட்டி பக்கம் அதற்கு ஈடான திருத்தங்களைச் சேர்த்துப் பரப்பைக் கணக்கிட்டால் பொருந்தவில்லை. 1998-இல் கார்டோஸோ, டி விட், மோஹாப்ட் மூவரும் பரப்பை விட்டுவிட்டு வால்டின் நோதர் கணியத்தை எடுத்தார்கள். பொருந்தியது. சாக்கின் எடையைக் கழிக்க மறந்துவிட்டு மூட்டை குறைகிறது என்று அலறியதுபோல் ஆயிற்று. பெக்கன்ஸ்டைனின் பரப்பு முதல் தோராயம்தான்; வால்டு எழுதியதுதான் முழு எடை. 2005-இல் நம் அசோக் சென், அலகாபாதின் ஹரிஷ்-சந்திரா ஆய்வு நிலையத்தில் இருந்தபோது, வெப்பநிலை பூஜ்யமான கருந்துளைகளுக்கு வால்டின் வாய்பாட்டிலிருந்து ஒரு சார்பை எடுத்து, அது ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் இடத்தில் அதன் மதிப்பைக் கண்டாலே என்ட்ரோபி கிடைக்கும்படி செய்துவிட்டார். எளிமை பிடித்தவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

போன மாதம் அப்பாவிடம் பொங்கல் நாள் கருந்துளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். லாரி கதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். அப்புறம், 'சரிப்பா, அதுல இருப்பு எடுத்தாச்சா?' என்றார். இல்லை என்றேன். அதில் மின்னூட்டம் இல்லை, வெப்பநிலை பூஜ்யம் இல்லை, காக்கும் சமச்சீர்மை பாதிகூட மிச்சமில்லை. என்ட்ரோபி 1-க்குப் பின் 80 சுழியத்தையும் தாண்டும் என்று வாசல் சீட்டு இருக்கிறது. இழைக் கோட்பாட்டில் அதன் மூட்டைகளை இன்னும் ஒருவராலும் எண்ண முடியவில்லை.

'அப்ப ஐந்தொகை எழுதாதீங்க' என்றார் அப்பா.